என் கோழிகளை என் கையாலேயே கொல்ல அனுமதி கோரி

அனுப்புநர்:
தையல்காரி (மெக்கானிக்கின் மனைவி),
கடைசி வீடு, பின்சந்து,
பேருந்துப் பணிமனைக் குடியிருப்பு.

பெறுநர்:
நோய்த் தடுப்பு அலுவலர் அவர்கள்,
கால்நடைத் துறை அலுவலகம், மாடி.

பொருள்: பறவைக் காய்ச்சல் தடுப்பு – வரும் வியாழக்கிழமை அழிக்கப்படவுள்ள என் வீட்டுக் கோழிகளை, தங்கள் பணியாளர்கள் முன்னிலையில், இரத்தம் சிந்தாமல், அவை துன்பப்படாமல் நானே கொன்று ஒப்படைக்க அனுமதி வேண்டுதல் – என் நாத்தனார் வீட்டில் நடந்த அழிப்புப் பணி குறித்துப் புகார் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சந்து முனை விளக்குக் கம்பத்தில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்துகொண்டு துணி தைத்துக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். என் கணவர் பணிமனையில் மெக்கானிக். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் கோழி வளர்க்கிறேன். இன்றைய நிலவரப்படி பத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. தங்கள் ஆட்கள் வந்து எண்ணி, காலில் நீலச் சாயம் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோழிகளைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. அவை சாகத்தான் போகின்றன என்பது எனக்குத் தெரியும். எப்படிச் சாக வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். கோழி விஷயம்தானே என்று தாங்கள் இந்தத் தாளை ஓரமாக வைத்துவிடாமல் முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. நோய் பரவக் கூடாது என்பதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. என் கோழிகளுக்குக் காய்ச்சல் இல்லை. தீனி நன்றாகவே தின்கின்றன, கொண்டை சிவப்பாகவே இருக்கிறது. ஆனாலும் நோய் கண்ட பண்ணையைச் சுற்றித் தாங்கள் போட்ட வட்டத்துக்குள் எங்கள் சந்து வந்துவிட்டது. வட்டம் போட்டவர்கள் காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அது என் கோழியால் வந்தது என்று தெரிந்தால் என்னால் உயிரோடு இருக்க முடியாது. ஆகவே அழிப்பதை நான் எதிர்க்கவில்லை. இந்த அலுவலகத்துக்கு வரும்போதுகூட வீட்டுச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, குளித்து, வேறு உடை உடுத்தித்தான் வந்திருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம், சட்டம் தெரியாத முரட்டுப் பெண்பிள்ளை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

3. என் கோழிகளை நான் தின்பதற்காகத்தான் வளர்க்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. முட்டை இடுகிறவரை முட்டை, அது நின்றபின் அடுப்பு. சந்தில் இருக்கிறவர்கள் என்னை, "பேரு வச்சு வளத்து, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, பானையில போடுற மகராசி" என்று கேலி செய்வார்கள். சேவலுக்கு நான் வைத்த பெயர் ஆபீசர். தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரியும், அதனால் வைத்த பெயர். பெட்டைகளில் ஒன்றுக்குப் பெயர் 'பாதிக் காது', குஞ்சாக இருந்தபோது அதன் ஒரு பக்கக் காது மடலில் பாதியை எலி கடித்துவிட்டது. மற்றவற்றின் பெயர்கள் இந்த மனுவுக்குத் தேவையில்லை.

4. தின்கிறவளுக்கு ஏன் இந்த அக்கறை என்று தங்கள் துறையின் மருந்தகத்தில் கேட்டார்கள். தின்பதனால்தான் ஐயா. கடையில் தோலுரித்து வாங்குகிறவருக்கு அந்தக் கோழியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் குஞ்சிலிருந்து தீனி போட்டவள். என் கையில் வந்து தின்னும். அந்தக் கையாலேயே கொல்லும்போது அது பயப்படக் கூடாது, நோகக் கூடாது, அவ்வளவுதான் நான் வைத்துக்கொண்ட நியாயம். கல்யாணத்துக்கு முன் ஒரு கோழிப் பண்ணையில் வேலை பார்த்தேன். கால்களைக் கட்டித் தலைகீழாகக் கொத்துக் கொத்தாக வண்டியில் வீசுவதை அங்கே தினமும் பார்த்தேன். சொந்தமாக வளர்த்தால் இப்படிச் செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

5. என் வீட்டில் கோழி கொல்லும் முறையைத் தாங்கள் தெரிந்துகொண்டால்தான் என் கோரிக்கை புரியும் என்பதால் எழுதுகிறேன். முந்தின இரவு அதற்குத் தீனி வைக்க மாட்டேன், தண்ணீர் மட்டும் வைப்பேன். விடியும்போது, அது கூண்டில் இன்னும் தூக்கக் கலக்கமாக இருக்கையில், இறக்கையை ஒடுக்கி அக்குளில் இடுக்கி எடுத்துவிடுவேன். துரத்திப் பிடிப்பது என்ற பேச்சே கிடையாது. மற்றக் கோழிகள் பார்க்காதபடி வீட்டின் பக்கவாட்டில் துவைகல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், படபடப்பு அடங்குகிறவரை மடியில் வைத்திருப்பேன். அங்கே சுவரில் என் கணவர் ஒரு தகரக் கூம்பு அடித்து வைத்திருக்கிறார். பழைய பேருந்தின் பக்கத் தகடு அது. விளிம்பு கோழியைக் கீறிவிடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டி மழுக்கினார். கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் இறக்கை அடித்துக்கொள்ளாது, தலை மட்டும் கீழே வரும், சற்று நேரத்தில் அமைதியாகிவிடும். பிறகு தாடைக்குக் கீழே, காதுக்கு அருகில், ஒரே இழுப்பு. கண்ணைத் தொட்டுப் பார்த்து, இமை அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

6. கத்தி சரியாக இல்லாவிட்டால் அன்றைக்குக் கோழி கிடையாது. என் தையல் நூலைத் தளர்வாகப் பிடித்து அதன்மேல் கத்தியை வைத்தால், அழுத்தாமலே நூல் அறுந்து விழ வேண்டும். ஒருமுறை என் கணவரின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். நூல் அறுபடவில்லை. அவர்களுக்குக் கத்தரிக்காயைச் சமைத்துப் போட்டு அனுப்பினேன். "என் பிரமோஷனக் கத்தரிக்காயில முடிச்சவ" என்று என் கணவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். நோய்க் கோழி என்றாலோ, அடிபட்ட கோழி என்றாலோ கத்தியே எடுக்க மாட்டேன். இடது கையில் காலைப் பிடித்து, வலது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் தலையை வைத்து, கீழே இழுத்துப் பின்னால் ஒரு மடக்கு. மண்டைக்கும் கழுத்து எலும்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி கைக்குத் தட்டுப்படும். அந்தக் கணமே உயிர் போய்விடும். அதற்குப் பிறகும் இறக்கை அடித்துக்கொள்ளும். அது வலியில்லை, நரம்பின் வேலை. ஒரு சொட்டு இரத்தம் வெளியே வராது. சேவலுக்குக் கழுத்து தடிமன் என்பதால் அதற்கு மட்டும் என் கணவர் உடலைப் பிடித்துக்கொள்வார். வியாழக்கிழமைக்கு நான் அனுமதி கேட்பது இந்த இரண்டாவது முறைக்குத்தான்.

7. இனி என் புகார். என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, சந்து முனை வீட்டில் தனியாக இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வேலை விட்டு வந்தால் பேச்சுத்துணைக்கு அவர் வளர்த்த கோழிகள்தான். அவருக்குக் கோழி வளர்க்கக் கற்றுக்கொடுத்தது நான். அவர் வீடு தாங்கள் முதலில் போட்ட சிறிய வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் போன வாரமே அங்கே ஆள் வருவதாகச் சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து, "ஏம்மா, அதுங்க பயப்படாம இருக்க ஒரு வழி சொல்லேன்" என்று கேட்டார். நான் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் அடைந்ததும் எல்லாவற்றையும் பெரிய மூங்கில் கூடைக்குள் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள்; இருட்டில் கோழி அசையாது; ஆட்கள் வந்ததும் சாக்கின் ஓரத்தைத் தூக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்; ஒன்று சாவது இன்னொன்றுக்குத் தெரியாது. இப்படித்தான் சொன்னேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. கொல்ல வருகிறவர்களும் எங்களைப் போலவே ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள் என்று நம்பினோம். வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

8. தங்கள் குழு மதியத்துக்கு மேல் வந்தது. ஒரு மேற்பார்வையாளர், வெள்ளை அங்கி போட்ட இரண்டு பணியாளர்கள். சந்தின் குறுக்கே நாடா கட்டி எங்களை அப்பால் நிறுத்திவிட்டார்கள். என் நாத்தனார் மட்டும் தன் வாசலில் நின்றார். பணியாளர்களில் உயரமாக இருந்தவர் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பெட்டையை எடுத்துக் கழுத்தைத் திருப்பினார். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரித் திருப்பினார் ஐயா. அது சாகவில்லை. கழுத்துக் கோணி, தரையில் வட்டமாக நடந்தது. அவர் கையை உதறிக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒண்ணொண்ணா பண்ணிட்டிருந்தா பொழுது விடிஞ்சிரும். அட, இவங்க நமக்காக எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு ரெடியா வச்சிருக்காங்க பாரு, அப்பிடியே கவுத்து வுடு" என்றார். தடித்த பிளாஸ்டிக் பையை விரித்தார்கள். கூடையை அப்படியே கவிழ்த்தார்கள். அந்தக் கழுத்துக் கோணிய பெட்டையையும் காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். பையின் வாயை முறுக்கிக் கட்டினார்கள். எல்லாம் உயிரோடு.

9. நான் நாடாவுக்கு அப்பாலிருந்து, "ஒவ்வொண்ணா எடுங்க, ஒவ்வொண்ணா எடுங்க" என்று கத்தினேன். மேற்பார்வையாளர், "நீங்க யாரும்மா? உங்க வீட்டு முறை வரும்போது வந்து பேசுங்க" என்றார். பணிமனைக்குப் பின்னால், எங்கள் சந்திலிருந்தே தெரிகிற காலி மைதானத்தில் இயந்திரம் வைத்துக் குழி தோண்டி வைத்திருந்தார்கள். பை உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் போட்டபின், சுண்ணாம்பு கொட்டுவதற்கு முன், உள்ளிருந்து சேவல் ஒருதரம் கூவியது. பிறகு மண் தள்ளினார்கள். இதை நான் மட்டும் பார்க்கவில்லை, சந்தே பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். சாட்சி சொல்ல யாரும் வர மாட்டார்கள் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். இருப்பினும் குழி இன்னும் அங்கேயே இருக்கிறது.

10. அந்தப் பணியாளர்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து அவர்கள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. உயரமானவர் அங்கியைக் கழற்றிவிட்டு எங்கள் தெருக் குழாயில் முகம் கழுவினார். நான் சண்டைக்குத்தான் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கக்கா? கழுத்தத் திருப்புன்னாங்க. எப்பிடின்னு ஒருத்தரும் காட்டல. எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று திரும்பி வந்துவிட்டேன்.

11. என் நாத்தனாரின் நிலையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற மண்சட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அதே இடத்தில் வைத்தார். இப்போதும் தினமும் வைக்கிறார். வேலைக்குப் போவதில்லை. நான் சாப்பாடு கொண்டுபோனால் கதவைத் திறப்பதில்லை. தன் தம்பி, அதாவது என் கணவர், கொண்டுபோனால் மட்டும் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது ஒரே வார்த்தை. "நீ சொன்னபடிதானே செஞ்சேன்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, கோழிகளும் போய், எனக்கு அக்காவும் போய்விட்டார். அவை கூடைக்கு வெளியே இருந்திருந்தால் நாலு சுவராவது ஏறி ஓடியிருக்கும், ஒன்றிரண்டாவது வெளிக்காற்றில் செத்திருக்கும். சத்தமில்லாமல் கிடக்கட்டும் என்று நான் சொன்னதுதான் தங்கள் ஆட்களுக்கு வசதியாகப் போய்விட்டது. இதை நினைத்தால் எனக்குத் தையல் இயந்திரத்தில் கால் ஓடவில்லை.

12. அப்படியானால் யாருக்கும் சொல்லாமல் நீயே கொன்றுவிடக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். நானும் யோசித்தேன். ஆனால் உரிமையாளர் தாமாகக் கொல்வதோ, மறைப்பதோ, இடம் மாற்றுவதோ குற்றம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. சாயம் பூசிய கால்கள் கணக்கில் குறைந்தால் வழக்கு. எங்கள் சந்தின் இஸ்திரிக்காரர் தன் இரண்டு கோழிகளை அறுத்துச் சமைத்துவிட்டார் என்று போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் வழக்குக்காக அலைந்துகொண்டிருக்கிறார். நாங்கள் இருப்பது பணிமனை கொடுத்த வீடு. வழக்கு என்று வந்தால் என் கணவருக்கு வேலையும் போகும், வீடும் போகும். அவர் என்னிடம், "ஏம்மா, உன் கையப் பிடிச்சுக் கேக்குறேன், ஏதாவது பண்ணித் தொலச்சிராத" என்றார். கூம்புத் தகட்டை அன்றைக்கு அப்படித் தட்டியவர்தான் இவரும். எனக்கு வீரம் இல்லை ஐயா, பயம்தான் இருக்கிறது. பயத்தினால்தான் முறைப்படி மனு கொடுக்க வந்தேன்.

13. முறைப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில நாட்களுக்கு முன், முதலில் எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் வெளியே போயிருந்தார். அங்கிருந்த எழுத்தர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எப்பிடியும் சாகப் போற கோழி. இதுல நல்ல சாவு என்ன, கெட்ட சாவு என்ன? அறுத்துத் திங்கிற நீங்களே வந்து இப்பிடிப் பேசினா, ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு" என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நான் அவரிடம், "உங்க வீட்டுப் பெரியவங்களும் எப்பிடியும் போகத்தான் போறாங்க, அதுக்காகச் சாக்குல கட்டியா வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டது தவறு. அதற்காக இந்த மனுவில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, அழிப்புக் குழுவின் வேலையில் தாலுகா அலுவலகம் தலையிட முடியாது என்றார்கள். அங்கிருந்து இன்று இங்கே. இங்கே கீழ்த்தளத்தில் மனு வாங்குகிற அம்மையார் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மனுவைப் பதிவு செய்து, மேலே அனுப்பி, அறிக்கை கேட்டு, பதில் வர ஒரு மாதமாவது ஆகும் என்றார். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்களே என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, "எழுதிக் குடுங்கம்மா. எழுதினா ஒரு ஆறுதல்தானே" என்றார். ஆறுதலுக்காகத்தான் மனு வாங்குகிறார்கள் என்பது எனக்கு இதுவரை தெரியாது. அவர் கொடுத்த தாளில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தெரிந்தும் ஊதுகிறேன்.

15. என் கோரிக்கைகளைக் கீழே வரிசைப்படுத்துகிறேன். முதலாவதை ஏற்க முடியாவிட்டால் அடுத்ததையாவது பரிசீலிக்கவும்.

(அ) வியாழக்கிழமை தங்கள் குழு வரும்போது, அவர்கள் கண்முன்னாலேயே, அவர்கள் கொடுக்கிற கையுறையும் முகமூடியும் அங்கியும் அணிந்துகொண்டு, என் கோழிகளை நானே கழுத்தை மடக்கிக் கொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரு தையல்காரி ஒரு சட்டைக்குப் பொத்தான் கட்டுகிற நேரம்கூட ஆகாது. கொன்றபின் நானே தங்கள் பையில் அடுக்கிக் கொடுக்கிறேன். இறகு ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன். இழப்பீடும் வேண்டாம்.

(ஆ) உரிமையாளர் தொடக் கூடாது என்பது விதியானால், அந்தப் பணியாளர்களுக்கு நான் ஒருமுறை செய்துகாட்ட அனுமதிக்க வேண்டும். உயரமானவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன். அவருக்குக் கை வலுவானது. யாரும் காட்டவில்லை, அதுதான் குறை.

(இ) அதுவும் கூடாது என்றால், ஒரு கால்நடை மருத்துவர் அன்றைக்கு மட்டும் கூட வந்து ஊசியோ மருந்தோ போட்டு முடித்துத் தர வேண்டும்.

(ஈ) மருத்துவர் இல்லை என்றால், உயிர் போகும்வரை பையின் வாயைக் கட்டாமலாவது இருக்க வேண்டும்.

(உ) மேற்சொன்ன எதுவுமே முடியாது என்றால், விளக்குக் கம்பத்தில் உள்ள அறிவிப்பில் "கோழிகள் மனிதாபிமான முறையில் அகற்றப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மட்டும் மையால் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் நாத்தனார் வீட்டு வாசலுக்கு நேரே அந்தக் கம்பம் நிற்கிறது. அவர் கதவைத் திறக்கிற அன்றைக்கு அதைப் படிக்க வேண்டாம்.

16. இன்னும் ஒன்று இருக்கிறது. இதை மனுவில் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே அம்மையார் ஒரு மாதம் என்று சொன்ன மாதிரியே தாலுகா அலுவலகத்திலும் முன்பே சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் ஒரு முடிவு செய்தேன். இனிமேல் என் கோழிகளை அமைதிப்படுத்தப் போவதில்லை. கூடையில் போட மாட்டேன், கூண்டை மூட மாட்டேன். அவற்றுக்கு மனிதர்களைக் கண்டால் பயம் வர வேண்டும். வியாழக்கிழமை வெள்ளை அங்கியைப் பார்த்ததும் சுவரேறி, கூரையேறி, சாக்கடை தாண்டி ஓட வேண்டும். ஓடுகிற கோழியைத் தடியால் அடித்துச் சாய்த்தால்கூடப் பரவாயில்லை, பைக்குள் மூச்சுமுட்டிச் சாவதற்கு அது எவ்வளவோ மேல்.

17. அதனால் என் கையாலேயே அவற்றை விரட்ட ஆரம்பித்தேன். தட்டைப் போட்டு உடைத்தேன். கூச்சல் போட்டேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று எட்டிப் பார்த்தாள். துடைப்பத்தால் ஆபீசரை ஒரு அடி வைத்தேன்; இத்தனை வருஷத்தில் நான் அடித்த முதல் அடி அது. அது நாலடி தள்ளிப் போய், இறக்கையை உதறிக்கொண்டு, ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தது. பிறகு நடந்து திரும்பி வந்துவிட்டது. பெட்டைகளும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன. 'பாதிக் காது' நான் எறிந்த செருப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறகு கோதுகிறது. தினமும் விரட்டுகிறேன், தினமும் வந்துவிடுகின்றன. எனக்கு அழவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. பயம் என்றால் என்னவென்று அவற்றுக்குக் கற்றுத் தராமலே வளர்த்துவிட்டேன். இப்போது கற்றுத்தர நாள் இல்லை.

ஆகவே ஐயா, வியாழக்கிழமை தங்கள் ஆட்களுக்கு என் வீட்டில் எந்தச் சிரமமும் இருக்காது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். துரத்த வேண்டாம், வலை வேண்டாம். கதவைத் திறந்து கையை நீட்டினால் போதும், தீனி என்று நினைத்து அவையே வந்துவிடும். அப்படி வருகிறவற்றை என்ன செய்வது என்பதைத் தாங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இடம்: தங்கள் அலுவலக மாடிப்படி
நாள்: திங்கட்கிழமை, பிற்பகல்

பதிலை எதிர்பார்த்துப் படியிலேயே உட்கார்ந்திருக்கும்,
(கையொப்பம்)
கடைசி வீட்டுத் தையல்காரி